கூலிப் பட்டியல் மேக்ரோவில் பிழையை மூடி வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏ.ஐ. வந்தால் யார் யார் வேலை போகும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி கட்டுரை வருகிறது, நானும் விடாமல் படிக்கிறேன். ஆனால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் இருக்கிற சின்ன ஷூ அப்பர் (ஷூவின் மேல் பகுதி தைக்கிற) யூனிட்டுகளின் ஆபீஸ் அறைக்குள் போய்ப் பார்த்தால், மாதாமாதம் கூலி போடுவது எப்போதோ யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு எக்ஸெல் மேக்ரோதான், அதாவது எக்ஸெல்லுக்குள் வேலைகளைத் தானாகச் செய்கிற ஒரு சின்ன நிரல். எழுதியவர் சென்னைக்கோ ஓசூருக்கோ வேறு வேலைக்குப் போயிருப்பார். பட்டன் மட்டும் மிச்சம். அழுத்தினால் வரிசை வரிசையாக ஃபார்முலா தானாக விழும், பட்டியல் நிரம்பும், பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துக்கு அனுப்பிவிடுவார்கள். விழுந்த ஃபார்முலா சரிதானா என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. நான் இந்தப் பகுதியில் பல யூனிட்டுகளுக்குக் கணக்குப் பார்ப்பவன். இதில் அடிபடுவது பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், தைக்கிற பெண்களின் கூலி என்பதால் எழுதுகிறேன்.

ஒரு யூனிட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஸ்டைலுக்கு ஜோடிக்கு எவ்வளவு கூலி என்ற கணக்கு அங்கே "ரேட்" என்று ஒரு தனி ஷீட்டில் இருந்தது. மேக்ரோ ஒவ்வொருவர் வரிசையிலும் ஒரு விலுக்கப் ஃபார்முலாவை (பட்டியலில் தேடி எடுத்துத் தருவது) எழுதி, அந்த ஷீட்டிலிருந்து ரேட்டை எடுத்து, ஜோடி எண்ணிக்கையோடு பெருக்கி, கடைசியில் ஃபார்முலாவை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் செல்லில் விட்டுவிடும். கூலி ஏற்றியபோது "ரேட் புதுசு" என்று இன்னொரு ஷீட் போட்டு, மேக்ரோ படிக்கிற இடத்தில் அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே, வினை அதில்தான். இடைவெளி உள்ள ஷீட் பெயரை ஃபார்முலாவுக்குள் எழுதும்போது முன்னும் பின்னும் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும், மேக்ரோவை எழுதியவர் அதைப் போடவில்லை, பழைய பெயருக்கு அது தேவையும் படவில்லை. எக்ஸெல் அந்த ஃபார்முலாவை ஏற்க மறுத்துவிட்டது. சாதாரணமாக 1004 என்ற பிழை எண்ணைக் காட்டி மேக்ரோ அங்கேயே நின்றிருக்கும். நிற்கவில்லை, ஏனென்றால் மேக்ரோவின் முதல் வரியே "ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்". பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடு என்கிற உத்தரவு அது. ஒவ்வொரு வரிசையிலும் அப்படியே தாண்டிப் போய், ஃபார்முலா விழாத செல்லில் எல்லாம் போன மாதத்து ரேட் அப்படியே உட்கார்ந்திருக்க, கீழே மொத்தமும் போட்டு, "முடிந்தது" என்று மெசேஜும் காட்டிவிட்டது.

கண்டுபிடித்தவர் தையல் மிஷினில் உட்காருகிற ஓர் அக்கா. தினமும் எந்த ஸ்டைலில் எத்தனை ஜோடி முடித்தோம் என்று சின்ன நோட்டில் எழுதி வைக்கிறவர். நோட்டோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "ரேட்டு ஏத்திட்டோம்னு சொன்னீங்களே சார், எனக்குப் பழைய கணக்குலயே வந்திருக்குது" என்றார். "சிஸ்டம்ல கரெக்டாதான்மா இருக்குது" என்று முதலில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை, நோட்டில் இருந்ததை வரி வரியாகக் கூட்டிக் காட்டச் சொன்னார். நோட்டுதான் சரி. அப்புறம் எல்லாருக்கும் விடுபட்ட கூலியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், அந்த மட்டில் நல்லது. ஆனால் நோட்டு எழுதுகிறவர் ஒருவர்கூட இல்லாத யூனிட்டில் இது எத்தனை மாதம் ஓடும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆபீஸில் இருக்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மேக்ரோவை ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர்கள், அது தப்பாகப் போனால் எங்கே பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்திலேயே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள். "ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்" வரிக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அந்த வரி செயல்படாது. இப்போது ஓட்டுங்கள். பிழை வந்தால் ஒரு பெட்டி வரும், அதில் டீபக் கொடுத்தால் எந்த வரியில் நின்றதோ அது மஞ்சளாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிழை எங்கே இருக்கிறது என்று எக்ஸெல்லே காட்டுகிறது. அடுத்து, ஃபார்முலாவை நேராகச் செல்லில் போடாமல் முதலில் ஒரு மாறியில் (மேக்ரோவுக்குள் மதிப்பைப் பிடித்து வைக்கிற பெயர்) வைத்து, "டீபக் பிரிண்ட்" மூலம் வெளியே எடுங்கள். கண்ட்ரோலும் ஜி-யும் அழுத்தினால் திறக்கிற இமிடியட் ஜன்னலில், மேக்ரோ எழுதப் பார்த்த ஃபார்முலா எழுத்துக்கு எழுத்து தெரியும். அதைக் காப்பி செய்து, கையால் ஒரு செல்லில் ஒட்டி என்டர் தட்டிப் பாருங்கள். மேற்கோள் குறி விட்டதா, அடைப்புக்குறி குறைகிறதா, ஷீட் பெயர் தப்பா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். வெற்றுச் செல்லா என்று பார்க்கிற ஃபார்முலாவில் வரும் இரட்டை மேற்கோள் குறிகளை மேக்ரோவுக்குள் எழுதும்போது ஒவ்வொன்றையும் இரண்டு முறை போட வேண்டும், அதாவது இரண்டு குறி நான்காகும். 1004 வருகிற இடங்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

பிழையே காட்டாத தப்புகள்தான் மோசம். விலுக்கப்பில் நான்காவதாக ஃபால்ஸ் என்று கொடுக்காமல் விட்டால், எக்ஸெல் ரேட் பட்டியல் வரிசைப்படி இருப்பதாக நினைத்துக்கொண்டு தேடும். ஸ்டைல் நம்பர்கள் வரிசையாக இல்லாத பட்டியலில் வேறு ஏதோ ஸ்டைலின் ரேட்டைக் கொண்டுவந்து போட்டாலும் போடும். அது பார்க்க நியாயமான எண்ணாகவே இருக்கும், சந்தேகமே வராது. இன்னொன்று, ஷீட் பெயரைச் சொல்லாமல் வெறுமனே ரேஞ்ச் என்று எழுதிய மேக்ரோ, அந்த நேரத்தில் எந்த ஷீட் திறந்திருக்கிறதோ அதில் எழுதிவிடும். கடைசி வரிசையை 60 என்று எண்ணாகவே எழுதி வைத்திருந்தால், 61-வது ஆளாகச் சேர்ந்தவருக்கு ஃபார்முலா விழாது. செல் டெக்ஸ்ட் ஃபார்மேட்டில் இருந்தால் ஃபார்முலா எழுத்தாகவே நிற்கும், கணக்குப் போடாது, நல்ல வேளை இது கண்ணுக்காவது தெரியும். வேகத்துக்காகக் கணக்கிடுவதை மேனுவலுக்கு மாற்றிவிட்டு ஆரம்பிக்கிற மேக்ரோ பாதியில் நின்றுபோனால், எக்ஸெல் மேனுவலிலேயே கிடக்கும், அப்புறம் நீங்கள் கையால் எண்ணை மாற்றினாலும் மொத்தம் மாறாது. மேலே சொன்ன சோதனையில் மேக்ரோ நடுவில் நிற்கும் என்பதால் இதை மறக்காமல் பாருங்கள், ஃபார்முலா மெனுவில் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்பி வையுங்கள்.

அப்புறம், சதவீதத்தை மேக்ரோவுக்குள் எண்ணாக எழுதுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் ஆனது. ஷூ விற்கிற ஊர் நாம், பில் போடுகிற மேக்ரோவுக்குள் பழைய 12 சதவீதத்தை 0.12 என்று எழுதி வைத்திருந்தால் அதை யார் போய்த் தேடுவது? ஒரு செல்லில் வைத்திருந்தால் ஒரே இடத்தில் மாற்றிவிட்டுப் போகலாம். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ-யில் தொழிலாளி பங்கு 2019 ஜூலையிலிருந்து 0.75 சதவீதம், அதிலும் பைசா வந்தால் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். ரவுண்டப் போட வேண்டிய இடத்தில் ரவுண்ட் போட்டிருந்தால் சிலருக்கு ஒரு ரூபாய் குறையும், மொத்தமும் ஒத்துப்போகாது.

வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் வருகிற மேக்ரோ ஃபைலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோ ஓடாதபடி 2022-லிருந்து மைக்ரோசாஃப்ட் தடுத்து வைக்கிறது. உடனே செட்டிங்குக்குப் போய் எல்லா மேக்ரோவையும் அனுமதித்துவிடுகிறார்கள், அது வைரஸுக்குக் கதவைத் திறந்து விடுகிற வேலை. அனுப்பியவர் யாரென்று உறுதியாகத் தெரிந்தால், அந்த ஒரு ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் போய் அன்பிளாக் கொடுத்தால் போதும்.

சின்ன யூனிட்டுகளில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறையில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் வராமல் போனது தெரியவந்தது. பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது, மிச்சம் சத்தமில்லாமல் விடுபட்டுவிட்டது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

அரசிடமும் கல்லூரிகளிடமும் ஒரு கோரிக்கை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழை வைத்துத்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஆபீஸ் வேலை கேட்டு வருகிறார்கள். அதைப் படிக்கும்போதே, இன்னொருவர் எழுதிய மேக்ரோவைத் திறந்து எஃப்8 தட்டி ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கவும், வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஃபார்முலாவைக் கண்டுபிடிக்கவும் பழக்க வேண்டும். தொரப்பாடி அரசு பாலிடெக்னிக் போன்ற இடங்களில் சனிக்கிழமை வகுப்பாக நடத்தினாலும் யூனிட்டுகளிலிருந்து ஆள் அனுப்புவார்கள், நான் கேட்டுப் பார்த்த முதலாளிகள் சிலர் சரி என்றே சொன்னார்கள்.

முதலாளிகளுக்கும் சொல்கிறேன். இந்த மாதக் கூலி போடுவதற்கு முன் யாரையாவது மேக்ரோவைத் திறக்கச் சொல்லி, கண்ட்ரோல் எஃப் போட்டு "ரெஸ்யூம் நெக்ஸ்ட்" எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பிழை வந்தால் நின்று, எந்த வரிசையில் என்ன பிழை என்று சொல்லும்படி "ஆன் எரர் கோ டு" (On Error GoTo) வைத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள். கூலிச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் போடாமல் ஸ்டைல், ஜோடி எண்ணிக்கை, ரேட் மூன்றையும் தனித்தனியாக அச்சடித்துக் கொடுங்கள், சீட்டை வாங்குகிறவரே சரிபார்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுபவர்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்