ஐந்து மேடையும் என் காலும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, நன்றாகத் திட்டிக்கொள். ஊரில் ஐந்து இடத்தில் இரண்டு நாள் நடத்திய இசை விழா முடிந்து நாலு நாள் தூங்கினேன், அப்புறம் இரவல் வாங்கிய ஒயர்களை அவரவரிடம் சேர்க்கவே ஒரு வாரம் ஓடிவிட்டது. யாருடையது என்றே தெரியாத மைக் ஸ்டாண்டு இரண்டு இன்னும் என் வீட்டு மூலையில் நிற்கின்றன. உன் மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் நம்பவே முடியவில்லை. நாம் ஒத்திகை பார்க்கும்போது ட்ரம் உறையை விரித்துப் போட்டுத் தூங்கிய குழந்தைதானே அவள்!

"எதற்குடா ஐந்து இடம், ஒரு மைதானத்தைப் பிடித்து ஒரே மேடை போட்டால் வேலை முடிந்தது" என்று எழுதியிருந்தாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மைதானம் என்றால் மேடை, கூரை, ஜெனரேட்டர், பெரிய ஸ்பீக்கர், தடுப்புக் கம்பி என எல்லாவற்றையும் வாடகைக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும், ஒரு மழை போதும், மொத்த விழாவும் நனைந்துவிடும். பள்ளி அரங்குக்கும் நூலகத்துக்கும் கூரையும் நாற்காலியும் ஏற்கனவே இருக்கின்றன. பிரான்சில் 1982 ஜூன் 21 அன்று முதன்முதலாக இசைத் திருநாள் நடத்தியபோதும் பாடத் தெரிந்தவர்களையும் வாசிக்கத் தெரிந்தவர்களையும் தெருவுக்கு வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். இன்று நூறு நாடுகளுக்கு மேல் அது நடக்கிறது. நம் மாதிரி கையில் காசில்லாத ஆட்களுக்கு அதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது.

சரி, சொதப்பலுக்கு வருகிறேன், நீ அதைத்தான் கேட்பாய். முதல் நாள் ஐந்து இடத்திலும் 5 மணி, 6 மணி, 7 மணி என்று ஒரே நேரத்தில் கச்சேரி தொடங்கும்படி அட்டவணை போட்டேன். தாளில் பார்க்க அழகாக, கட்டம் கட்டமாக இருந்தது. ஆறு மணிக்கு ஐந்து கதவும் ஒன்றாகத் திறந்து, கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் தெருவில் இறங்கி, பாதிப் பேர் எங்கே போவது என்று என்னையே வந்து கேட்டபோதுதான் புரிந்தது. பள்ளியிலிருந்து நூலகம் 400 மீட்டர், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஐந்து நிமிடம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கில் தப்பில்லை, மனிதர்கள்தான் அப்படி நடப்பதில்லை. வழியில் தெரிந்தவர் ஒருவர் நிற்பார், பிள்ளையின் செருப்பு அறுந்துபோகும், பூங்காவில் ட்ரம் சத்தம் கேட்டால் இரண்டு பாட்டுக்கு நின்றுவிடுவார்கள். அன்று இரவே உட்கார்ந்து, இரண்டாம் நாளுக்கு ஒவ்வோர் இடத்தையும் 20 நிமிடம் தள்ளித் தள்ளித் தொடங்கும்படி மாற்றி, கையால் எழுதிக் கதவு கதவாக ஒட்டினோம். அதிலிருந்து கூட்டம் தானாக நகரத் தொடங்கியது.

இன்னொன்று, புத்தகக்கடை மாடி. அறுபது பேருக்கு மேல் கொள்ளாத அறை. எங்களில் எல்லோருக்கும் தெரிந்த பாடகி, மைக் இல்லாமல் பாட ஆசையாக இருக்கிறது என்று அந்த அறையைக் கேட்டார், நானும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். 1987-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் சவுத் பை சவுத்வெஸ்ட் என்ற இசை விழா தொடங்கியபோது 150 பேர் வருவார்கள் என்று நினைத்தார்களாம், வந்தது 700 பேருக்கு மேல். அதைப் படித்துவிட்டு சிரித்தவன் நான்! ஒரே ஒரு படிக்கட்டு, அதில் கீழ்ப்படி வரை ஆள். நெருப்பு கிருப்பு என்றால் என்ன ஆகும் என்று வயிற்றைக் கலக்கியது, கதவை மூடிவிட்டு வாசலில் நின்று அரை மணி நேரம் வசவு வாங்கினேன். கடைசியில் அவரே அரை மணி அரை மணியாக இரண்டு முறை பாட ஒத்துக்கொண்டார். இறங்குகிறவர்கள் முழுக்க இறங்கிய பிறகுதான் அடுத்தவர்களை ஏற்றினோம்.

சத்தத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். பூங்காவுக்கு அடுத்த கட்டடம் நூலகம், அங்கே தனிப் புல்லாங்குழல். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும் என்று நம் பாடம் சொல்கிறதே, அந்தத் தூரம் அங்கே இருந்தால்தானே! ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தோம், பாட்டு அடங்கியது, பேஸ் என்கிற அந்தக் கனத்த அடிச்சத்தம் அடங்கவில்லை. அது எல்லாப் பக்கமும் பரவி, சுவரையும் துளைத்துக்கொண்டு வந்துவிடுகிறது. கடைசியில் ஸ்பீக்கரை விட்டுவிட்டு அட்டவணையில்தான் கை வைத்தோம். பூங்காவில் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் அந்த 25 நிமிட இடைவெளியில் புல்லாங்குழலைப் போட்டோம். ட்ரம் செட்டும் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பும் எல்லோருக்கும் பொது, ட்ரம்மர்கள் ஸ்னேரும் சிம்பலும் குச்சியும் மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அந்த இடைவெளி நீளவும் இல்லை. பள்ளி அரங்கில் மட்டும் ஒரு இரைச்சல் போகவே இல்லை, விளக்கும் ஒலிப் பெட்டியும் ஒரே கரண்டு லைனில் இருந்தன, பிரித்ததும் நின்றது. காலியான அரங்கில் சவுண்ட் செக் முடித்துவிட்டு, ஆள் நிறைந்ததும் எதிரொலி எல்லாம் காணாமல் போய் மந்தமாக ஆகிவிட்டதே என்று மிக்சரைத் திருகிக்கொண்டு நின்ற கதையை நேரில் சொல்கிறேன்.

கோபம் வந்தது ஒரே ஒரு முறைதான். ஓர் இடத்துக்காரர் இரண்டு நாள் முன்னால், "வேறு ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டேன்" என்று போனை வைத்துவிட்டார். வாய்வார்த்தையை நம்பியது என் தப்பு. சாவி யாரிடம், எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும், கரண்டு பில் யார் தலையில் என்று இனி ஒரு பக்கமாவது எழுதி இருவரும் கையெழுத்துப் போடாமல் எந்த இடத்தையும் எடுப்பதில்லை. நல்லவேளை, ஒரு மெக்கானிக் தன் ஷெட்டைக் காலி செய்து கொடுத்தார். தகரக் கூரை, எண்ணெய் வாடை, ஆனால் இரண்டு நாளும் அங்கேதான் கடைசி வரை ஆள் இருந்தது. கச்சேரி முடிந்ததும் அவரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நின்றார், இத்தனைக்கும் யாரும் அவரைக் கேட்கவில்லை. நீ சொன்ன மைதானத்தில் அப்படி ஒருவர் கிடைத்திருப்பாரா, சொல்.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே தாள் எடுத்துவிட்டேன். மெக்கானிக் ஷெட்டில் முதல் நாள் ஏழேகால் மணிக்கு 25 நிமிடம் காலியாக இருக்கிறது, அதில் பென்சிலால் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். கிட்டாரைத் தொட்டுப் பத்து வருஷம் ஆயிற்று என்று பழைய பாட்டைப் பாடாதே. ஆம்ப் இங்கே இருக்கிறது. வர முடியாதென்றால் அட்டவணை அச்சுக்குப் போவதற்குள் சொல், அழித்துவிடுகிறேன். வரும்போது உன் பரணில் ஒரு பார், அந்த இரண்டு ஸ்டாண்டுக்கும் மைக்கைப் பிடிக்கும் கிளிப் இல்லை.

உன்,
பழைய ட்ரம்மர்