648 வார்த்தை

காரைக்குடி
நவம்பர் 3

டேய் சொக்கா,

ஆறு மாசமா ஒரு வரி போடலன்னு திட்டாத, நீயும்தான் போடல, கணக்கு நேர். இங்க எல்லாரும் சவுக்கியம். ஆத்தாவுக்கு முட்டிவலி மழைக்கு ஏறி எறங்குது, அவ்வளவுதான்.

பாயிண்டு வாத்தியார் ஒன் காதுல கத்துறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துர்றேன். எம்மக உமையா அமெரிக்கா காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுட்டா. போட்டுட்டான்னு லேசா சொல்லிட்டேன், வீடு பத்து நாளா ரணகளம், எல்லாம் என்னாலதான்னு எம்பொண்டாட்டி ஆச்சி சொல்றா, அதுல பாதி உண்மை.

காமன் ஆப்னு ஒண்ணு இருக்குடா, ஒரே அப்ளிகேஷன வச்சு நெறைய காலேஜுக்குப் போடலாம். அதுல ஒரு கட்டுரை, 250 வார்த்தைக்குக் கொறையவும் கூடாது, 650ஐத் தாண்டவும் கூடாது. நாமெல்லாம் அடிஷனல் ஷீட் வாங்கி நூல் கட்டுன ஆளுக, ஹிஸ்டரி பரீட்சைல நீ வாங்குன ஷீட்ட நான் இன்னும் மறக்கல. 689 வார்த்தைய வச்சுக்கிட்டு "39 வார்த்தைக்கா அடிச்சுக்கப் போறான், போட்டு விடு"ன்னேன். போட்டுப் பாத்தா செவப்புல எழுத்து வந்து நிக்குது, அதுக்கு மேல போகவே விடல. ஹைபன் போட்டு ரெண்டு ரெண்டு வார்த்தையா ஒட்டிருன்னேன், அவ பாத்த பார்வை இருக்கே... சைக்கிள் செயின் அன்னைக்கு ஒங்கப்பா நம்மளப் பாத்த அதே பார்வைடா.

ஆரம்பத்துலயே தப்பு எம்மேலதான். மொதல்ல தமிழ்ல எழுது, மனசுலேர்ந்து வரும்னு சொன்னேன். அழகா 480 வார்த்தைல முடிச்சா. இங்கிலீஷ்ல மாத்துனா 900 தாண்டிருச்சு! "கூட்டிக்கிட்டுப்போயிருந்தா"ன்னு நாம ஒரே மூச்சுல சொல்றத அவன் அஞ்சாறு வார்த்தையா பிச்சுப் பிச்சு வைக்கணும்ல. இது எனக்குத் தோணவே இல்ல.

அப்புறம் வெட்டு ஆரம்பிச்சா. "சின்ன வயசுலேர்ந்தே எனக்கு"ன்னு தொடங்குன நாலு வரி போச்சு. மிகவும், உண்மையிலேயே எல்லாம் போச்சு. நான் கெஞ்சிக் கெஞ்சி சேக்கச் சொன்ன கொறளும் போச்சு, "அப்ளிகேஷன் போடுறது நானா திருவள்ளுவராப்பா"ங்குறா. அதையும் பொறுத்துக்கிட்டேன். கடைசில எங்க அய்யா, ஆத்தாவப் பெத்தவரு, அவரு மேல கைய வச்சா பாரு, அங்கதான் சண்டை.

1942ல ஜப்பான்காரன் ரங்கூனப் புடிச்சப்ப அய்யா நடந்தே ஊரு வந்து சேந்தாகல்ல, அந்தக் கதைக்கு மட்டும் 140 வார்த்தை வச்சிருந்தா, அதுவும் நான் பக்கத்துல ஒக்காந்து சொல்லச் சொல்ல எழுதுனது. "அப்பா, இது அய்யா நடந்த நடை, நான் என்ன நடந்தேன்னுதான் அவங்க கேக்குறாங்க"ன்னா. எனக்கு சுருக்குன்னுருச்சு. ரெண்டு நாள் பேசல. பேசாம இருந்தது நான்டா, அவ இல்ல.

அவ வச்சுக்கிட்டது என்ன தெரியுமா? ஆத்தங்குடிக் கல்லு, தரைக்குப் போடுற டைல்ஸ்தான். லீவுல கல்லுப் பட்டறைக்குப் போயிட்டு இருந்தால்ல, அது. கண்ணாடி மேல அச்ச வச்சு, கட்டம் கட்டமா கலர் சிமெண்ட ஊத்தி, அச்ச தூக்கிட்டு, அது மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணித் தொட்டில ஊறப் போடுறது. சூளையும் கெடையாது பாலிஷும் கெடையாது, காஞ்சதும் கண்ணாடி தானா கழண்டுக்கும், கல்லோட வழுவழுப்பு அந்தக் கண்ணாடி குடுத்தது. இவ ஊத்துன மொதக் கல்லுல அச்ச அவசரப்பட்டுத் தூக்கிட்டா, பச்சை ஓடிப்போய் மஞ்சள்ல கலந்துருச்சு. அந்தக் கல்லு இப்ப எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல தண்ணிப்பானைக்கு அடியில கெடக்கு, நான் தெனமும் அதத் தாண்டித்தான் குளிக்கப் போறேன், ஒரு நாள் குனிஞ்சு பாத்ததில்ல. அதப் பத்தியே 648 வார்த்தை. படிச்சுட்டு கொஞ்ச நேரம் நான் பேசலடா. அய்யா இல்லாம நல்லாவே இருந்துச்சு, அதான் வயித்தெரிச்சல்.

நவம்பர் 1 கடைசி நாள். அமெரிக்கா டைமாத்தான் இருக்கும், மறுநாள் காலைல வரைக்கும் நேரம் இருக்குன்னு நான் பாட்டுக்கு சாப்பிட்டுப் படுக்கப் போயிட்டேன். இல்லப்பா, நாம இருக்குற ஊரு டைமுக்கு ராத்திரி 11.59னு கத்திக்கிட்டு ஓடி வந்தா. 11.20க்கு அனுப்பியாச்சு. இன்னும் தனித்தனி காலேஜுக்கு குட்டிக் கட்டுரை வேற எழுதணுமாம், ஒரு எடத்துல 50 வார்த்தை, இன்னொரு எடத்துல வெறும் 35. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி (UC) காலேஜுகளுக்குத் தனி அப்ளிகேஷன், அதுல எட்டு கேள்வில நாலு, ஒவ்வொண்ணுக்கும் 350. அவ பாத்துக்குவா, நான் அந்தப் பக்கமே போறதில்லன்னு ஆச்சி கையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன்.

ஒன் பையன் அடுத்த வருஷம் லண்டன் பக்கம் போடப் போறான்னு சொன்னியே, அங்க வார்த்தைக் கணக்கே இல்ல, எழுத்துக் கணக்கு, மொத்தம் 4000, நடுவுல விடுற எடமும் அதுல சேத்தி. நீ பேசுற பேச்சுக்கு ரெண்டு வரிலயே தீந்துரும். தயவுசெஞ்சு பக்கத்துல ஒக்காராத.

பிள்ளையார் நோன்புக்கு வர்றல்ல? இங்கயே இழை எடுத்துக்கலாம், ஒன் வீட்டு ஆச்சியையும் கூட்டிக்கிட்டு வா. ஒண்ணே ஒண்ணு. "எங்க அப்பச்சி நடந்து வந்தத எழுதுனாளா"ன்னு ஆத்தா கேட்டுச்சு. எழுதிருக்கா ஆத்தா, அமெரிக்காகாரன் படிச்சுட்டு அசந்துருவான்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து வர்றவுக போறவுக கிட்டல்லாம் அதே பேச்சு. நீ வந்து ஒளறி வைக்காத.

ஒன்
லெட்சுமணன்