இரண்டாவது பெஞ்சு

பினாங்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முட்டிக்கு ஊசி போட்டாயே, இப்போது படி ஏற முடிகிறதா? இங்கே எல்லோரும் சுகம். மகள் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்துக்குக் குடிபோய்விட்டாள். பெர்ரிக் கப்பலில் இப்போது கார் ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டார் சைக்கிளும்தான். பேரனைப் பார்க்கப் பாலத்தைச் சுற்றித்தான் போகிறேன்.

சரி, ஒரு விஷயம். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, ஆனால் உன்னிடம் சொல்லாமல் மனசு ஆறவில்லை.

நம் கத்தோலிக்கக் கோவில் வாசலில் வணக்கம் சொல்ல ஆள் வைத்திருக்கிறோம். மாதம் இரண்டு ஞாயிறு என் முறை. பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "வாங்க, புதுசா?" என்று பல்லைக் காட்டுவேன். தவக்காலத்தில் ஒரு பையன் வர ஆரம்பித்தான். பூசை தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து வருவான், நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கியதும் ஓடிவிடுவான். முன்கையில் வரிசையாகச் சூட்டுத் தழும்பு, நகக்கண்ணில் மாவு. ஒரு நாள் நல்ல கூட்டம். நம் இரண்டாவது பெஞ்சில் உட்கார வந்தான். நான் கையை நீட்டி, "தம்பி, இங்க ஆள் வராங்க" என்றேன்.

யாரும் வரவில்லை மச்சான். பூசை முடியும்வரை அந்த இடத்தில் என் வீட்டுக்காரியின் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் அவனைக் காணோம். ஒரு காலை ரொட்டி சானாய் சாப்பிடப் போனால், ரொட்டி சுடுகிற கல்லுக்கு முன்னால் நிற்கிறான். தூத்துக்குடிக்காரன். ஞாயிறுதான் கடையில் கூட்டம், அன்றைக்கு யார் லீவு கொடுப்பார்கள்? முதலாளியிடம் கெஞ்சி ஒன்றரை மணி நேரம் வாங்கியிருக்கிறான், போக வர நடையும் அதற்குள்தான். நாங்களோ வாசலில் நின்று 'பாதியில் ஓடுகிறவன்' என்று பேசிக்கொண்டிருந்தோம். "வாங்க அண்ணாச்சி" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி. ரொட்டிக்குக் காசு வாங்கவும் மாட்டேன் என்கிறான். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. என் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் இங்கே வந்து இறங்கிய கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! முதல் ஞாயிறு அவருக்குப் பெஞ்சில் இடம் விட்டது யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜூலை 26 புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்கு அவனையும் கூப்பிட்டேன். "அன்னைக்குத்தான் அண்ணாச்சி எங்க ஊர்ல பனிமய மாதாவுக்குக் கொடியேத்தம்" என்றான். அங்கே ஆகஸ்ட் 5 வரை திருவிழா. எப்படியோ லீவு வாங்கிவிட்டான். பெர்ரியில் போய் ரயில் பிடித்தோம். ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் ஊர்க் கொடியேற்றத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான். நடுவில் படம் நின்றுவிட்டது, சத்தம் மட்டும் வருகிறது. கைப்பேசியைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டான், "மரியே வாழ்க" என்று கூட்டம் கத்துவது எனக்கே கேட்டது. 1888-இல் கட்டிய பழைய கோவிலைச் சுற்றிப் பார்த்தான். ஊற்றுத் தண்ணீரில் அந்தச் சூட்டுக் கையைக் கழுவினான். காற்றில் அவன் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. பக்கத்தில் ஒரு சீனக் கிழவி, ஒரு வார்த்தை பேசாமல், தன் மெழுகுவர்த்தியைச் சாய்த்துக் கொடுத்தாள். அவள் எந்த வரவேற்புக் குழுவிலும் இருப்பாள் என்று தோன்றவில்லை.

கோவிலில் நடந்த அடுத்த கூட்டத்தில் ஒன்றே ஒன்று சொன்னேன்: சீக்கிரம் வருகிறவர்கள் பெஞ்சின் உள்பக்கமாகப் போய் உட்காருவோம், தாமதமாக வருகிறவன் நம் முழங்காலைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். அடேயப்பா, என்ன சண்டை! "அம்பது வருஷமா உக்கார்ற இடம்" என்று ஒரு பாட்டி அழுதே விட்டார். கடைசியில் இரண்டு குடும்பம் ஒத்துக்கொண்டது. அதில் ஒன்று என் குடும்பம். உள்பக்கம் காற்றாடி எட்டாது என்று வீட்டுக்காரி இன்னும் முணுமுணுக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதலாளிக்கு உங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு கடை இருக்கிறதாம், அடுத்த மாதம் தம்பியை அங்கே மாற்றுகிறார்கள். நீ போகிற புடு அந்தோணியார் கோவிலுக்கு வழி சொல்லியிருக்கிறேன். தாமதமாகத்தான் வருவான், சீக்கிரம் போய்விடுவான். உன்னை யாராவது "அண்ணாச்சி" என்று கூப்பிட்டால் அவன்தான். முட்டியை நீட்ட ஓரத்து இடம்தான் உனக்கு வசதி, தெரியும். இருந்தாலும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரு.

அன்புடன்,
உன் மச்சான்