ஆஸ்கர்களுக்கு எட்டடி வீடு

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மீனாட்சி கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஆஸ்கர் மீன்களுக்காகப் பலகையில் செய்த பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டாயிற்று! நேற்றுச் சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் வைத்தே குழாயைத் திறந்தேன். இரண்டடி உயரம் ஏறியதும் நிறுத்தினேன். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் டார்ச்சுடன் போய் அடிப்பலகையின் விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை. இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்து பேசுவாய் என்பதால்தான் கடிதம்.

"பலகையில் தொட்டி செய்தால் ஊறி உப்பாதா?" என்று கேட்டாயே, கேள்வி சரிதான். பிளைவுட்டுக்குப் பலம் மட்டும்தான் வேலை, தண்ணீரைத் தடுப்பது மேலே பூசும் எபாக்சி என்ற பிசின். நான்கு ஷீட் 19 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கினேன். நீளம் எட்டு, அகலம் மூன்று, உயரம் இரண்டரை அடி. இதையே முழுக்கக் கண்ணாடியில் செய்திருந்தால் ஐந்து பக்கமும் தடித்த கண்ணாடி வேண்டும், விலையும் எங்கேயோ போயிருக்கும். இதில் முன்பக்கத்துக்கு மட்டும் 12 மி.மீ. கண்ணாடி.

அந்த எபாக்சி வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். பலகைகள் சேரும் உள்மூலைகளில்தான் எல்லா ஆபத்தும் இருக்கிறது. இழைத்த மரத்தூளை எபாக்சியில் குழைத்துப் பசைபோல் ஆக்கி, மூலையில் வைத்து, கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பாக இழுத்தால் மூலை வளைவாக அமைந்துவிடும். அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை ஒட்டி, துணி கண்ணுக்கே தெரியாமல் ஊறும்வரை எபாக்சி தடவ வேண்டும். சென்னை வெயிலில் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எபாக்சியை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்து கிண்ணத்தில் குவித்து வைத்தால், கலவை தன் சூட்டிலேயே புகைந்து கல்லாகிவிடும். அதனால் விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு செய்தோம். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டு அடுத்த பூச்சு. ஆசாரி ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஊசித்துளை தேடினார். ஒரே ஒரு துளை போதுமாம், தண்ணீர் உள்ளே இறங்கி அடுக்கடுக்காகப் பலகையைப் பிரித்துவிடும். அந்த மனிதரின் கண்ணை நான் கும்பிடுகிறேன்.

கண்ணாடியை முன்பக்கப் பலகைச் சட்டத்தின் உள்பக்கம் வைத்து ஒட்டுவதில்தான் சூட்சுமம். தண்ணீர் தள்ளத் தள்ளக் கண்ணாடி சட்டத்தோடு இறுகும். தள்ளுதல் கொஞ்சநஞ்சமா? இரண்டடி தண்ணீர் முன்பக்கம் முழுவதையும் சேர்த்துச் சுமார் 450 கிலோ விசையோடு தள்ளுகிறது. தொட்டியின் அகலத்தை இரண்டு மடங்காக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது, உயரத்தைக் கூட்டினால்தான் எகிறும். ஒட்டிய சிலிக்கோன் பசையின் புளித்த காடி வாடை முழுக்கப் போகும்வரை தண்ணீர் பக்கமே போகவில்லை.

இதில் நீ சொன்ன யோசனை ஒன்று இருக்கிறதே, மாடி ஹாலில் வைக்கச் சொன்னாய்! பாலம் கட்டியவன் பேசுகிற பேச்சா அது? ஓய்வு பெற்றபோது கணக்கையும் அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிட்டாயா? தண்ணீர் மட்டும் 1,360 லிட்டர். அது நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் விழுகிறது. வீட்டு அறைத் தளத்துக்கு நம் விதிகள் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று எனக்குச் சொன்னதே நீதான்.

இவ்வளவு பெரிதாக எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கி வந்தபோது இரண்டு ஆஸ்கரும் கட்டைவிரல் அளவுதான் இருந்தன. இப்போது ஒவ்வொன்றும் ஓரடியை நெருங்குகிறது. மூன்றடித் தொட்டியில் திரும்புவதற்கே உடம்பை வளைக்கின்றன. நான் அறைக்குள் நுழைந்தால் கண்ணாடி ஓரமாக வந்து நின்று முகத்தைப் பார்க்கின்றன. போன மாதம் ராமநாதன் வந்திருந்தான். "ஏரியில் விட்டுவிடு, சுதந்திரமாகப் போகட்டும்" என்றான். எனக்கு வந்த கோபத்தை அவனிடமே காட்டிவிட்டேன். அமேசான் மீனை நம் ஏரியில் விட்டால் அங்கிருக்கும் சின்ன மீன்களின் கதி என்ன? தொட்டிப் பாசி தின்னும் என்று விற்கிறார்களே டேங்க் கிளீனர், அதை அப்படி விட்டு விட்டுத்தான் இன்று நம் நீர்நிலைகளில் வலை போடுகிறவர்கள் தவிக்கிறார்கள். அதன் முள் வலையைக் கிழிக்கிறது, பிடித்தாலும் வாங்க ஆளில்லை. வாங்கி வந்தவன் நான், கடைசிவரை இடம் கொடுக்க வேண்டியதும் நான்தான். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

உன் பேத்தி "குட்டிச் சுறா" கேட்கிறாள் என்றாயே, தயவுசெய்து வாங்காதே. அது சுறாவே இல்லை. தென்கிழக்காசியாவின் மீகாங் நதியில் வாழும் பங்காசியஸ் கெளுத்தி, ஓட்டல்களில் பாசா என்று பரிமாறும் அதே மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். என் எட்டடித் தொட்டியே அதற்குப் போதாது. கப்பி மீன் வாங்கிக் கொடு, அவளே குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஆஸ்கர்கள் குடிபுக இன்னும் ஒரு மாதமாவது ஆகும். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருக வேண்டும். அவை ஏற்கனவே குடியிருக்கும் பழைய தொட்டி வடிகட்டியின் ஸ்பாஞ்சைப் புதியதில் போட்டு அதைத் துரிதப்படுத்துவேன்.

இப்போது உன்னிடம் வேலை. இந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத் தொட்டியை முன்னறைக்குக் கொண்டுபோக வேண்டும். கதவு மூன்றடி, பக்கவாட்டில் சாய்த்தால் நுழையும். ஆனால் அந்த அறைத் தரை மண் நிரப்பி, மேலே மெல்லிய கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டியது. தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் கால்களில் சுமை இறங்கினால் தரை அமிழுமோ என்று பயமாக இருக்கிறது. செங்கல் மேடை கட்டிச் சுமையைப் பரப்பலாமா, இல்லை கால்களுக்கு அடியில் அகலத் தகடு போதுமா? வரைபடம் இதோடு வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பு. உன் பதில் வந்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிடுவேன், சீக்கிரம் எழுது.

அன்புடன்,
முருகேசன்