எமோ வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இசை விமர்சகர்களுக்கு,

வணக்கம். பங்க் ராக்கிலிருந்து கிளைத்த, உணர்ச்சி கொப்பளிக்கும் எமோ இசைக்கு நீங்கள் எழுதும் வரலாறு எப்போதும் ஒரே தடத்தில் ஓடுகிறது. 1985, வாஷிங்டன் டி.சி., ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழு. அங்கிருந்து ஒரே தாவலில் 90களின் சியாட்டில், சன்னி டே ரியல் எஸ்டேட் குழு. வாஷிங்டனிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் அனாபொலிஸ் என்றொரு ஊர் இருக்கிறது. கடற்படை அகாடமிக்கும் பாய்மரப் படகுகளுக்கும் பேர்போன ஊர். 1986இல் அங்கேதான் மாஸ் ஐகான் என்ற இசைக்குழு உருவானது. 1991இல் கலைந்தும் போனது.

இவர்கள் பெயரையே சொல்வதில்லை என்று குறை சொல்ல மாட்டேன். 'முன்னோடிகள்' என்று போகிறபோக்கில் அரை வரி எழுதுகிறீர்கள். அந்த அரை வரிதான் எனக்கு உறுத்துகிறது. பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினீர்களா?

இந்தக் குழுவின் டோனி ஜாயின் கிதாரை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து சுரங்களைத் தனித்தனியாக மீட்டி, அதையே திரும்பத் திரும்பச் சுற்றி வருவார். அவசரமே இருக்காது. மோனிகா டிஜியாலியோனார்டோவின் பேஸ் கிதாரும் மார்க் லாரன்ஸின் டிரம்ஸும் அதற்கு அடியில் மெல்லக் கனத்துக்கொண்டே வரும். பாடகர் ஜொனாதன் வான்ஸ் பாடவே மாட்டார், பேசுவார். திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுக்கிற மாதிரி இருக்கும். எப்போது அது அலறலாக மாறியது என்று நமக்கே தெரியாது. இரண்டு நிமிடத்தில் பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பும் ஹார்ட்கோர் என்ற வேகமான பங்க் உலகத்தில் இவர்கள் ஒரே பாட்டை 11 நிமிடம் இழுத்தார்கள். எனக்கு முதல் தடவை சலிப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை.

அந்த 11 நிமிடப் பாட்டின் பெயரைத் தாங்கிய 'லைபர்னம் விட்ஸ் எண்ட் லிபரேஷன் ஃப்ளை' ஆல்பத்தை 1988இலேயே பதிவுசெய்துவிட்டார்கள். வெர்மிஃபார்ம் என்ற இசை நிறுவனம் அதை வெளியிட்டபோது குழு கலைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆல்பம் வந்தபோது மேடையேறிப் பாட ஆளில்லை! மொத்தப் பாட்டுகளையும் டெம்பரரி ரெசிடென்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் ஒரே தொகுப்பாகக் கொண்டுவர 2012 ஆயிற்று. இத்தனை தாமதமாக வந்தவர்களை வரலாற்றில் எங்கே வைப்பது என்று குழம்புவது புரிகிறது. ஆனால் வெளியான ஆண்டைப் பார்த்து வரிசை போட்டால் இவர்கள் எப்போதும் பின்தங்கியவர்களாகவே தெரிவார்கள். பதிவான ஆண்டைப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. எமோ என்றாலே காதல் தோல்விப் புலம்பல் என்று எழுதுவதை விடுங்கள். இவர்களுக்குக் 'குவாத்தமாலா' என்றே ஒரு பாட்டு உண்டு. மத்திய அமெரிக்கா உள்நாட்டுப் போர்களில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் போர்களில் அமெரிக்க அரசின் கையும் இருந்தது.

அடுத்த கட்டுரையில் அனாபொலிஸுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள். அதே ஊரின் 'தி ஹேட்டட்' குழுவையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். எழுத உட்காரும் முன் அந்த 11 நிமிடப் பாட்டை முழுசாகக் கேட்டுவிடுங்கள். நடுவில் தள்ளிவிடாமல்.

இப்படிக்கு,
பின்னாளில் வந்து சேர்ந்த ஒரு ரசிகன்