1956-க்கு முந்தைய ஆதாரங்களைப் படம் பிடித்து வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் எந்த நிலத் தகராறைத் தோண்டினாலும் கடைசியில் போய் நிற்பது திருவிதாங்கூர் காலத்து ஆதாரத்தில், அதாவது நிலப் பத்திரத்தில்தான். எங்கள் குடும்பத்துக்குக் கல்குளம் தாலுகாவில் ஒரு தென்னந்தோப்பு உண்டு, அதன் ஆதாரம் கொல்லம் 1108-இல், அதாவது 1932-33-இல் மலையாளத்தில் எழுதியது. வீட்டுப் பிரதி மடிப்போடு கிழிந்துவிட்டது. சரி, பதிவு அலுவலகப் பிரதியைப் பார்க்கலாம் என்று போனால் நான்கெல்லை சொல்லும் வரியையே பூச்சி அரித்திருக்கிறது. வடக்கே யாருடைய புரையிடம் (வீட்டு மனை) என்று இனி யார் சொல்வது?

அமெரிக்காக்காரர்கள் தங்கள் பழைய நிலப் பத்திரங்களை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்ததால்தான் இதை எழுதுகிறேன். அவர்களின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 17 வயதில் நில அளவையராக வேலைக்குச் சேர்ந்தவர். இந்த ஓக் மரத்திலிருந்து அந்த ஓடைவரை என்று எல்லை எழுதிய காலம் அது, நம்மூர்ப் பத்திரத்தில் பனையும் வாய்க்காலும் வருகிற மாதிரியேதான். 1799 ஜூலையில் தன் கைப்படவே உயில் எழுதி, கூடவே எந்த ஆற்றோரம் எத்தனை ஏக்கர், என்ன விலை பெறும் என்று ஒரு பட்டியலும் சேர்த்தார். மொத்தம் 50 ஆயிரம் ஏக்கருக்கு மேல். அந்த உயிலின் கடைசியில் ஆண்டை எழுத்தில் எழுதும்போது ஒரு ஒன்பதை விட்டுவிட்டார், 1790 என்று நிற்கிறது. ஆனால் அதே வரியில் (1776-இலிருந்து எண்ணி) அமெரிக்கச் சுதந்திரத்தின் 24-ஆவது ஆண்டு என்றும் எழுதியிருப்பதால் 1799 என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூலம் கையில் இருந்தால்தான் இப்படி ஒரு பிழையைக்கூடச் சரிபார்க்க முடியும்!

அவர் மனைவி மார்த்தாவின் உயிலை உள்நாட்டுப் போரில், 1862-இல், ஒரு ராணுவ அதிகாரி நீதிமன்றத்திலிருந்து எடுத்துப் போய்விட, அது கைமாறி பெரும் பணக்காரர் ஜே.பி. மார்கனிடம் போய்ச் சேர்ந்தது. வர்ஜீனியா மாநிலம் விடவில்லை, உச்ச நீதிமன்றம்வரை போனது, 1915-இல் உயில் திரும்பி வந்தது. இன்று வாஷிங்டன், ஜெபர்சன், ஹாமில்டன் உள்ளிட்ட, நாட்டை நிறுவிய தலைவர்களின் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களையும் ஆவணங்களையும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

பெருமை தருகிற காகிதங்களை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை, எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சுதந்திரப் போருக்குப் பணம் திரட்டிய வியாபாரி ராபர்ட் மோரிஸ் லட்சக்கணக்கான ஏக்கரைக் கடனில் வாங்கிக் குவித்து, 1798 முதல் 1801 வரை கடன்காரர் சிறையில் கிடந்தார். ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தினர் லஞ்சம் வாங்கிக்கொண்டு 1795-இல் 3.5 கோடி ஏக்கரை வெறும் 5 லட்சம் டாலருக்கு விற்றார்கள். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடிகளை யாரும் கேட்கவில்லை. இதெல்லாம் வழக்குக் கட்டுகளில் அப்படியே இருக்கிறது. வாஷிங்டன் தன் 123 அடிமைகளுக்கு விடுதலை எழுதிவைத்ததும் அந்த உயிலில்தான்.

நம்மிடம் இல்லையா? அழகியபாண்டிபுரம் முதலியார் குடும்ப ஓலைகளைக் கவிமணி தேடி எடுத்ததால்தான் நாஞ்சில் நாட்டு நிலமும் வரியும் மட்டுமல்ல, இங்கே மனிதரை விற்று வாங்கியதும் நமக்குத் தெரிய வந்தது. ஒரு வீட்டு ஓலையிலேயே இவ்வளவு இருந்தால், குமரியில் அன்றிருந்த நான்கு தாலுகாப் பதிவேடுகளிலும் எவ்வளவு இருக்கும்!

அதனால் மாவட்ட நிர்வாகத்துக்கும் பதிவுத்துறைக்கும் உங்கள் பத்திரிகை மூலம் கேட்கிறேன். குமரி தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1-க்கு முந்தைய பதிவேடுகளை மழைக்காலத்துக்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். நம் தாலுகாக்களைச் சேர்ந்தவை திருவனந்தபுரத்தில் இருந்தால் நகல் கேட்டு வாங்குங்கள். பழைய மலையாளக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆதாரம் எழுத்தர்கள் விளவங்கோடு பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லாருக்கும் வயதாகிவிட்டது. அவர்களுக்கு முறையாகச் சம்பளம் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்குங்கள், அதுவும் இந்த வருஷமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை