ஒன்றரை அடி வரம்பு விட்ட ஆச்சிக்கும் மற்றெல்லோருக்கும்

அன்புக்குரிய ஊரவர்களுக்கும், அயற்காணிக்காரருக்கும், வெளிநாடுகளிலிருந்து இரவு பகல் பாராமல் தொலைபேசியில் பேசியவர்களுக்கும் வணக்கம்.

நடந்தது என்னவென்று இந்த மடலை வாசிக்கும் அநேகருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பட்டக் கழகத்துப் பிள்ளைகள் பட்டம் இறக்கப் போய் அயல் தோட்டத்தை மிதித்ததால் மூன்று காணிக்காரர் முறைப்பாடு செய்தார்கள், நாங்கள் பட்டம் விடும் வெளி பூட்டிக் கிடந்தது. மார்கழிக் கடைசியில் தொடங்கித் தை முழுவதும் எங்கள் ஊரில் தேநீர்க்கடையிலும் கோயில் வீதியிலும் வேறு கதை இருக்கவில்லை. முதலில் சத்தம் போட்டவர் யார், தகரம் அடித்தவர் யார், அதைக் கழற்றியவர் யார் என்பவற்றை மறுபடி கிளற எனக்கு விருப்பமில்லை. கிளறினால் பாதிக் குற்றமாவது எங்கள் தலையில்தான் வந்து விழும். கடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியஸ்த சபையில் இரு பகுதியினரும் கையொப்பமிட்டு எழுந்தபோது என் கை நடுங்கியது. வீட்டுக்கு வந்தும் அது நிற்கவில்லை. நிற்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். எங்கள் பட்டக் கழகத்தின் வெளி எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஒரு பட்டம் விடுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கனடாவிலிருந்து சிலர் கேட்டிருந்தார்கள். ஏற்றுவது ஆர்ப்பாட்டமே அல்ல, இறக்குவதுதான் ஆர்ப்பாட்டம். வாடைக்காற்று வடகிழக்கில் கடலிலிருந்து ஊருக்குள் நுழைவதால், எங்கள் வெளியின் மூலையில் கட்டை அடித்துக் கட்டும் பட்டம் தென்மேற்கே பனங்கூடலையும் தாண்டித் தோட்டங்களுக்கு மேலே போய் நிற்கும். ஆளுயரத்தைவிடப் பெரிய கொக்குப் பட்டத்தையோ படலத்தையோ நின்ற இடத்தில் நின்றுகொண்டு நூலைச் சுற்றி இழுத்து இறக்க முடியாது. இழுக்க இழுக்க அதற்குக் காற்றுக் கூடுகிறது, பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சை இறுகுகிறது, பட்டம் ஒரு பக்கம் சரிந்து தலைகீழாகக் குத்துகிறது. நூலைக் கையால் அமர்த்திக்கொண்டு, பட்டம் நிற்கும் திசைக்கே ஒருவர் நடந்து போய்த்தான் அதைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். 300 மீற்றர் நூல் விட்டால் ஏறத்தாழ அவ்வளவு தூரமும் நடக்க வேண்டும். எங்கள் வெளியோ 8 பரப்பு, அதாவது அரை ஏக்கர். நீளப்பாட்டுக்கு அளந்தாலும் 70 மீற்றருக்கு மேல் வராது. மீதித் தூரம் முழுவதும் அடுத்தவருடைய காணி. சோளகக் காற்றுக் காலத்தில் எங்களுக்குச் சண்டையே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வைகாசிக்குப் பிறகு காற்று மாறிப் பட்டம் கடற்பக்கம் திரும்பிவிடும்; கடலுக்குக் காணி உறுதி முடித்தவர் எவருமில்லை.

ஆகவே இந்தச் சச்சரவு எங்கள் பிள்ளைகளின் கால்களால் வந்தது. அண்ணாந்து பட்டத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பவனுக்குக் கீழே வெங்காயப் பாத்தி இருப்பது தெரிவதில்லை. வெங்காயத் தாள் உள்ளே பொள்ளலானது; ஒருமுறை மிதிபட்டு முறிந்தால் நிமிராது, அந்த முறிவில் பனி தங்கி அழுகும், கீழே காய் பருக்காது. மார்கழியில் இரண்டு பாத்திகள் அப்படிப் போயின. அந்தத் தோட்டத்துக்குரிய ஆச்சி, எங்களுக்கு எதிரான முறைப்பாட்டில் கையொப்பமிட்ட மூவரில் ஒருவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் ஆச்சி என்றே எழுதுகிறேன். ஊரில் ஒரு ஆச்சியா இருக்கிறார் என்று கேட்பவர்களுக்கு, வேம்படித் தோட்டத்து ஆச்சி என்றால் போதும்.

பொங்கலுக்கு முதல் நாள் இரவு, வெளி பூட்டிக் கிடந்த நேரத்தில், கழகத்தின் சொல்லையும் கேளாமல் எங்கள் பிள்ளைகள் இருவர் ஒழுங்கையில் நின்று ஒரு கொக்குப் பட்டத்தை ஏற்றினார்கள். மறுநாள் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ஊரே கூடிப் பட்டம் பார்க்கப் போகும்போது தாங்கள் மட்டும் சும்மா இருப்பதா என்ற கொதிப்பு அவர்களுக்கு. நடுச்சாமத்தில் காற்று ஏறி, நூல் கட்டையடியிலேயே அறுந்து, பட்டமும் முழு நூலும் இருட்டுக்குள் போய்விட்டன. எங்கே விழுந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முறைப்பாடு நிலுவையில் இருக்கும்போது சான்றுப்பொருளை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்ததுபோல் ஆகிவிட்டதே என்று விடியும்வரை எனக்கு நித்திரை இல்லை.

பொங்கலன்று காலை ஏழு மணிக்கு, மன்னிப்புக் கேட்பதற்காகத் தனியே ஆச்சியின் படலையைத் திறந்துகொண்டு போனேன். முற்றத்தில் பொங்கிப் படைத்து முடிந்திருந்தது. ஆச்சி என்னைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் மாட்டுக்கொட்டில் பக்கம் கையைக் காட்டினார். உள்ளே, வளையின் கீழ் இரண்டு கயிறுகளில் பட்டம் படுக்கையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பனி படாமல் மேலே உரப்பை விரித்திருந்தது. முச்சை அவிழ்த்து விடப்பட்டிருந்தது. காற்றில் கூவுவதற்காகப் பட்டத்தில் கட்டும் விண்ணைக் கழற்றி ஒரு பக்கமாகக் கொட்டில் மரத்தில் செருகியிருந்தார். அது கூவினால் கன்றுக்குட்டி மிரளும் என்று பிறகு சொன்னார். எல்லாவற்றையும்விட என்னை நிற்கவைத்தது நூல்தான். முழங்கை நீளமுள்ள ஒரு பனைமட்டைத் துண்டில், எட்டுப் போட்டுச் சுற்றிய ஒரு பெரிய உருண்டை. ஒரு முடிச்சு இல்லை, ஒரு சிக்கு இல்லை. பட்டம் விடுகிற எங்களில் எத்தனை பேர் அப்படிச் சுற்றுவோம் என்று தெரியவில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் குறுக்காகக் கிடந்த அந்த நூலை, தாள் அறுபடாமல் ஒவ்வொரு முழமாகத் தூக்கித் தூக்கி, ரோச் லைற் வெளிச்சத்தில் நாலு மணியிலிருந்து சுற்றியிருக்கிறார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல்.

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். ஆச்சி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "நூல் காலில சிக்கினால் மாடு விழுந்திடும். அதுதான் சுத்தினனான்." நான் முறைப்பாட்டைப் பற்றி ஏதோ இழுத்தபோது, "அது அப்பிடியே கிடக்கட்டும் தம்பி. நான் அதை வாபஸ் வாங்கேல்லை. இது வேற," என்றார். பிறகு வாழையிலையில் பொங்கல் வைத்துத் தந்தார். முறைப்பாட்டுக்காரியின் முற்றத்தில் எதிர்த்தரப்புக்காரன் குந்தியிருந்து பொங்கல் தின்றதை ஒழுங்கையால் போனவர்கள் கண்டு கதைத்ததும், அதனால் இரு பக்கத்திலும் சிலர் கோபப்பட்டதும் எனக்குத் தெரியும். அந்தப் பொங்கலை வேண்டாம் என்று சொல்லியிருந்தால்தான் நான் வெட்கப்பட வேண்டியிருந்திருக்கும்.

இத்துடன் முடிந்திருந்தாலும் இந்த மடலை எழுதியிருப்பேன். பத்து நாள் கழித்து எங்கள் வெளியின் வேலியோரம் நின்று பார்த்தபோது, ஆச்சி பழுதுபட்ட பாத்திகளைக் கொத்தி மறுபடி வெங்காயம் நட்டிருந்தார். வேலி உடைந்த இடத்திலிருந்து அந்தப் பெரிய வேம்பு வரைக்கும், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கீலம் மட்டும் நடாமல் விட்டு, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கியிருந்தது. விதை வெங்காயம் போதாமல் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வேலிக்கு இந்தப் பக்கத்தில் நின்று கேட்டேன். "உங்கட பெடியள் எந்தப் பக்கத்தால வருவாங்கள் எண்டு எனக்குத் தெரியும். நான் வேண்டாம் எண்டாலும் வருவாங்கள். நடக்க இடம் விட்டால் மிச்ச வெங்காயமாவது தப்பும்," என்றார். அதில் பெருந்தன்மை காட்டுகிற தொனி சிறிதும் இல்லை. வாய்க்கால் எங்கே வெட்டினால் தண்ணீர் கடைசிப் பாத்திவரை போகும் என்று யோசிக்கிறவரின் தொனிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு அங்குல இடைவெளியில் நட்டால், அந்த அகலத்துக்கு நாலு வரிசை. 60 அடி நீளத்துக்கு வரிசைக்கு 180. மொத்தம் 720 வெங்காயம் நடக்கூடிய நிலம். ஒன்று நட்டால் ஒரு கொத்தாக விளைகிற பயிர் அது. ஆச்சி இந்தக் கணக்கைப் போடாமலா விட்டிருப்பார்?

மத்தியஸ்த சபையில் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அந்தச் சபை எவருக்கும் தீர்ப்பு வழங்குவதில்லை. இரு பகுதியினரும் தாமாக உடன்பட்டால் மட்டுமே இணக்கம். அதனால் இரண்டு தடவை கூடியும் வெறுங்கையோடு கலைந்தோம். மூன்றாம் முறை, உங்கள் நிபந்தனை என்ன என்று ஆச்சியிடம் கேட்டார்கள். "பாதை விட்டிருக்கிறன். அதில நடந்தால் எனக்கு ஒண்டுமில்லை. அதுக்கு வெளியால ஒரு கால் வைச்சாலும் நான் திரும்ப இஞ்ச வருவன்," என்றார். அதுவரை எங்களை உள்ளே விடுவதா விடக்கூடாதா என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்த மற்ற இரண்டு காணிக்காரரும், தங்கள் பக்கத்தில் எந்த வரம்பால் போகலாம் என்று அதன் பிறகுதான் பேசத் தொடங்கினார்கள். அரை மணித்தியாலத்தில் தாள் எழுதி முடிந்தது. அந்த இருவருக்கும், தகரத்தைத் தாங்களே கழற்றி அடுக்கி வைத்ததற்கும், எங்கள் மனவருத்தத்தோடு சேர்த்து நன்றி.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும். எங்கள் 8 பரப்புக் காணி நாலு சகோதரர்களுக்குப் பங்கு பிரியாமல் இருப்பது. மூன்று நாடுகளிலிருந்து அவர்கள் நால்வரும் ஒரே கிழமைக்குள் சம்மதக் கடிதம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் பங்குக்காணி வைத்திருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். எல்லைக்கல்லைத் தேடிக் கண்டுபிடித்து வேலையாள் கூலி மட்டும் பெற்றுக்கொண்ட நில அளவையாளர், இரு பகுதியையும் ஒரே மேசையில் இருத்திய கிராம உத்தியோகத்தர், சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்காகச் செலவழித்த மத்தியஸ்தர்கள், பனங்கூடலில் சிக்கிய பட்டங்களைத் தளைநார் போட்டு ஏறி எடுத்துத் தந்து ஒரு சதமும் வாங்காத சீவல்தொழில் அண்ணர், பிள்ளைகளைத் திட்டியும் எங்களுக்குத் தேநீர் தந்தும் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்த தாய்மார் எல்லோருக்கும் கழகம் கடமைப்பட்டிருக்கிறது.

பதினொரு வருடமாக நான் இந்த வெளிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், வரி கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் என்னிடம் ஒழுங்காக இருக்கின்றன. அவற்றைக் காட்டி எத்தனையோ தடவை வாதாடி வென்றுமிருக்கிறேன். ஆனால் அயலில் ஒருவருடைய படலையையாவது திறந்து, எந்த மாதம் என்ன நடுகிறீர்கள், எப்போது இறைப்பு, எப்போது பிடுங்குவீர்கள் என்று ஒருமுறை கேட்டதில்லை. இந்தக் கிழமை மூன்று வீட்டிலும் கேட்டு எழுதி, நூல் வைக்கும் கொட்டிலில் தொங்கவிட்டிருக்கிறேன். வெங்காயமும் புகையிலையும் நிற்கும் காலத்தில் 100 மீற்றருக்கு மேல் நூல் விடுவதில்லை. பாதையில் ஒருவருக்குப் பின் ஒருவராக, செருப்பில்லாமல் நடப்பது. இரவு 9 மணிக்குப் பிறகு விண் கட்டிய பட்டம் வானத்தில் நிற்பதில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் வீட்டாரும் இதைத்தான் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய பட்டத்தின் கயிற்றைக் கட்டையில் கட்டாமல் கையில் பிடிப்பதையும் இன்றோடு நிறுத்துகிறோம். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு இளைஞரைப் பட்டம் கயிற்றோடு தூக்கிச் சென்ற காணொளியை உலகமே பார்த்துச் சிரித்தது. அவர் உயிரோடு இறங்கினார் என்பதால் சிரிக்க முடிந்தது. இவற்றில் ஒன்றை மீறுகிறவர் எவராயினும், என் மருமகனாயினும், அந்தப் பருவம் முழுவதும் வெளிக்குள் வர முடியாது. மருமகனுக்கு இதை நேரிலும் சொல்லிவிட்டேன்.

ஆச்சியின் வேலியில் எங்களால் உடைந்த இடத்தை வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அடைக்கிறோம். பாதைக்கு ஒரு சிறு படலை விட்டு, மற்றப் பகுதிக்குப் புதிதாகக் கிளுவங்கதியால் போட வேண்டும். கதியாலும் கிடுகும் கழகம் கொண்டுவரும். அலவாங்கும் கத்தியும் உள்ளவர்கள் எடுத்துக்கொண்டு வரவும். வெங்காயம் பிடுங்கவும் வருகிறோம் என்று கேட்டிருந்தேன். நீங்கள் பிடுங்கினால் தாள் கையோடு வந்துவிடும், வேலியை மட்டும் அடையுங்கள் என்று ஆச்சி சொல்லிவிட்டார்.

நன்றியுடன்,
கழகத்தின் சார்பில்,
செயலாளர்